அப்பாவின் உடம்பில் சித்தப்பாவின் கழுத்து

யார் கையில் கரண்ட் கிட்டாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் அதன் முதுகுக்குத்தான் போகும். கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தில் ஒரு சின்னத் தகடும் அதில் நாலு ஸ்க்ரூவும் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்துவிட்டால் எனக்கு ஒரு திமிர் வந்துவிடும். மேடையில் நிற்கிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, இந்தக் கழுத்தை இவர் ஒரு தடவையாவது கழற்றிப் பார்த்திருப்பாரா என்று மனசு கேட்கும். நான் கழற்றியிருக்கிறேன். அதுவும் பதினோரு வயதில், பழைய யூனிஃபார்ம் பாவாடையோடு, மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து. பெருமைதான், எதற்கு மறைக்க வேண்டும்?

அப்பாவும் சித்தப்பாவும் அப்போது ஒரே ரயிலில்தான் தினமும் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து பாதி ஊர் அந்த வண்டியை நம்பித்தான் இருக்கிறது. அப்பா எஞ்சினை ஒட்டிய பெட்டியில் ஏறுவார். சித்தப்பா கடைசிப் பெட்டி. பிளாட்பாரத்தில் ஒருவர் கிழக்கே பார்த்து நின்றால் இன்னொருவர் மேற்கே பார்த்து நிற்பார். இரண்டு பேரும் 'கம்பெனி'க்குப் போகிறார்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது, கேட்டதும் இல்லை. இருட்டில் போய் இருட்டில் வருகிறவர்களை நாங்கள் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

ஒரு காலத்தில் அண்ணனும் தம்பியும் கல்யாணக் கச்சேரிகளில் ஜோடியாகக் கிட்டார் வாசித்தவர்கள். அப்பாவுடையது சிவப்பு, சித்தப்பாவுடையது கறுப்பு. நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் சித்தியின் தம்பிக்குக் கல்யாணம். பாட்டு நடுவில் சித்தப்பாவின் கம்பி ஒன்று இறங்கிவிட்டது. சுதி தப்பினால் அப்பாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பக்கத்தில் மைக் இருப்பதை மறந்து, "சுதி சேராத கழுத, எறங்குடா கீழ" என்று சொல்லிவிட்டார். சித்தப்பாவின் மாமனார், மாமியார், மச்சான்கள், மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளை வரை எல்லார் காதிலும் அது கணீரென்று விழுந்தது. சித்தப்பா கிட்டாரைத் தோளிலிருந்து எடுத்தார், மேடையை விட்டு இறங்கினார். அதோடு பேச்சும் போச்சு, வாசிப்பும் போச்சு.

அம்மாவுக்கும் சித்திக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. சும்மா சொல்லக் கூடாது, அவர்கள் கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு என்றால் ஒரு கிண்ணம் ஆண்டர்சன்பேட்டையில் சித்தப்பா வீட்டுக்குப் போகும். அங்கே கேழ்வரகுக் களி கிண்டினால் ஒரு உருண்டை இங்கே வரும். கொண்டு போவதும் கொண்டு வருவதும் என் சைக்கிள். குழம்பை ருசி பார்த்துவிட்டு, "உங்கம்மா வச்சதா?" என்று கேட்கிற சித்தப்பா, "உங்கப்பாரு எப்பிடி கீறாரு?" என்று மட்டும் கேட்கவே மாட்டார்.

அந்த வீம்பில் நாசமானது கிட்டார்கள்தான். அப்பா தன்னுடையதைக் கம்பியைக்கூடத் தளர்த்தாமல் சுவரில் சாய்த்து வைத்தார். எங்கள் வீட்டுக் கூரை தகரம். வெயில் காலத்தில் உள்ளே இருக்கிற நாங்களே வதங்கிப் போவோம், மரம் என்ன செய்யும்? முறுக்கிய கம்பிகள் இழுத்து இழுத்துக் கழுத்து வில் மாதிரி வளைந்துவிட்டது. சித்தப்பா கம்பிகளை உருவிவிட்டுப் பரணில் போட்டார். கழுத்து பிழைத்தது. ஆனால் மழைக்குக் கூரை ஒழுகி, உடம்புக்குள் இருந்த ஒயரெல்லாம் துருப்பிடித்து, மரம் ஊறிப் பிளந்துவிட்டது. ஆக, இங்கே நல்ல உடம்பும் கோணல் கழுத்தும். அங்கே நல்ல கழுத்தும் செத்த உடம்பும்.

எனக்குப் பதினோரு வயதான அந்த மே மாதம் புத்த பூர்ணிமா ஊர்வலத்தில் எங்கள் விகாரைப் பிள்ளைகள் ஒரு மினி லாரியில் பாடிக்கொண்டு போவதாக ஏற்பாடு. பக்கத்து லைன் அக்கா ஒருத்தி அவளுடைய மரக் கிட்டாரில் எனக்குக் கம்பிகளைச் சேர்த்து மீட்டுகிற மூன்று கார்டும் ஒரு சின்ன மெட்டும் சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்தத் தைரியத்தில், "நான் கரண்ட் கிட்டாரு வாசிக்கிறேன், எங்கப்பாவுது" என்று எல்லார் முன்னாலும் வாயை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து அதைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் அந்தக் கோணல் கழுத்து ஞாபகம் வந்தது. கிட்டார் இல்லாமல் லாரியில் ஏறினால் பசங்கள் வருஷம் முழுக்க என்னை ஓட்டுவார்கள். அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. நான் வாசிப்பதை அப்பாவும் சித்தப்பாவும் ஒரே இடத்தில் நின்று கேட்க வேண்டும்.

அப்பாவிடம் கேட்டேன். "கழுத்து வளஞ்சிட்ச்சி பாப்பா. அது அவ்ளோதான்" என்றார். சித்தப்பா வீட்டில் இருப்பது நேராகத்தான் இருக்கிறது, அதை எடுத்து இதில் மாட்டினால் என்ன என்றேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, "இன்னாமோ பண்ணு" என்றார். மாட்டேன் என்று சொல்லவில்லையே, எனக்கு அது போதும்.

சித்தப்பா வீட்டில் வேறு மாதிரி. "உங்கப்பாரு கேக்கச் சொன்னாரா?" என்றார்.

"இல்ல சித்தப்பா. எனக்குத்தான் வோணும்."

பரணை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவரே ஸ்டூல் போட்டு ஏறி, எலி கடித்த உறையோடு கறுப்புக் கிட்டாரை இறக்கினார். "எத்துக்கினு போ. ஆனா கழுத்து என்னுதுன்னு சொல்லிடு, தெர்தா?" என்றார். சித்தி அதன் மேலேயே ஒரு தூக்கு ரசத்தையும் மாட்டிவிட்டாள்.

வேலையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அம்மாவின் போனில் வந்த ஒரு வெள்ளைக்காரர். அவர் பேசியதில் பாதி புரியவில்லை. வீட்டில் சிக்னல் வராது, சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு ஓடி வருவேன். நாலு ஸ்க்ரூவையும் எடுத்தால் கழுத்து கையோடு வந்துவிடும் என்றார் அவர். எங்கே வருகிறது? பெயிண்ட் ஒட்டிப் போய், நான் இழுத்த இழுப்பில் பின்னால் விழுந்தேன். அம்மா கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்து, "அய்யோ, உங்கப்பா கிட்டார கொன்னுட்டியா?" என்று கத்தினாள். கழுத்து தனியாக என் மடியில் கிடந்தது.

இரண்டு கழுத்தையும் கழற்றியதுகூடச் சுலபம், மாட்டியதுதான் பாடு. கறுப்புக் கழுத்தின் அடி சிவப்பு உடம்பின் பள்ளத்தில் லொடலொடவென்று ஆடியது. அப்பாவின் காலாவதியான ரயில் பாஸ் அட்டையைக் கத்தரித்து இடையில் சொருகினேன். ஸ்க்ரூ ஓட்டைகளில் இரண்டு நேராக வரவில்லை. பழைய ஓட்டைகளில் தீக்குச்சியைப் பசை தடவி அடைத்து, காய்ந்த பிறகு ஆணியால் மெல்லத் தட்டிப் புது ஓட்டை போட்டேன். புதுக் கம்பிகள் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வந்தன. மாட்டிப் பார்த்தால் ஓரத்துக் கம்பி கழுத்தை விட்டு வெளியே தொங்குகிறது. ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, கழுத்தைக் கையால் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, மறுபடி முடுக்கினேன். நேராகிவிட்டது! அந்த நிமிஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்பு உடம்பும் கறுப்புக் கழுத்துமாக அது பார்க்கக் கோமாளி மாதிரிதான் இருந்தது. ஆனாலும் ஊரிலேயே அழகான கிட்டார் அதுதான் என்று சத்தியம் செய்திருப்பேன்.

அப்பா வந்ததும் நீட்டினேன். தொடவில்லை. "கழுத்து அவனுது. நான் தொட மாட்டேன்" என்றார். மறுநாள் சைக்கிளில் கட்டிக்கொண்டு சித்தப்பாவிடம் போனேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஒடம்பு அவருது. எனக்கு இன்னாத்துக்கு?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டு ஒன்றைச் செய்தால், இதை வேண்டாம் என்று சொல்ல இரண்டு பேரா? போங்கள், எனக்கே எனக்கு என்று திரும்பி வந்துவிட்டேன்.

ஊர்வலத்தன்று லாரி ஆண்டர்சன்பேட்டை பஜாரில் நின்றது. எல்லாரும் வெள்ளை உடை. லாரிக்கு இடது பக்கம் அப்பா, வலது பக்கம் சித்தப்பா, நடுவில் மேலே நான். மூன்று கார்டையும் வரிசையாக வாசித்தேன். கைதட்டினார்கள். அந்தத் தெம்பில் அக்கா சொல்லிக் கொடுத்த மெட்டை எடுத்தேன். அது கழுத்தில் உடம்பை ஒட்டிய பகுதியில், மேல் சுதியில் வாசிக்க வேண்டியது. அங்கே விரல் வைத்ததும் கிட்டார் ஊளையிட்டது. ஒரு சுரமும் சேரவில்லை. வீட்டில் கார்டுகளை மட்டும் வாசித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டதால் இது எனக்குத் தெரியவே இல்லை. பசங்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"கழுத்து கோணல்" என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல்.

"கழுத்துக்கு இன்னா கேடு? நூல் புட்ச்ச மாரி கீது. ஒடம்புதான் கோணல்" என்று லாரியின் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"ஒனக்கு இன்னாடா தெரியும்?"

"ஆமாண்ணா, எனக்கு ஒண்ணியும் தெரியாது. மைக்குல சொல்லு. ஊரே கேக்கட்டும்."

என் முன்னால் இருந்த மைக் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பஜார் முழுக்கக் கேட்டுவிட்டது. சிரித்த பசங்கள்கூட அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் முகம் கறுத்துப் போயிற்று. லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கி மைக்கு இருந்ததே தெர்லடா எனக்கு. சத்தியமா தெர்ல" என்றார். அதுவும் மைக்கில் கேட்டது.

சித்தப்பா டயர் மேல் கால் வைத்து லாரியில் ஏறி, "ஸ்க்ரூ ட்ரைவர் குடு பாப்பா" என்றார். உடம்பில் கம்பிகள் வந்து முடிகிற இடத்தில் இருக்கும் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பின்னால் தள்ளி, கம்பிகளின் நீளத்தைக் கூட்டினார். அப்பா கீழேயே நின்று காதைக் கொடுத்து, "இன்னும் கொஞ்சம்" என்றார். பிறகு "போதும், போதும்" என்றார். கம்பிக்குக் கம்பி அப்படியே நடந்தது. இதெல்லாம் வெறும் சுதி சேர்க்கிற வேலை, கழுத்தைக் கழற்றி மாட்டுவது போல வருமா என்று நான் பக்கத்தில் நின்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு நான் வாசித்த மெட்டு இருக்கிறதே, அடேயப்பா! லாரி நகர்ந்த பிறகும் நான் நிறுத்தவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். எத்தனையோ வருஷம் கழித்து அந்த வாசற்படியைத் தாண்டி வந்தவர், அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "ஸ்க்ரூ கிக்ரூ லூசாயிருக்கும், பாக்கலாம்னு வந்தேன்" என்றார். அம்மா பாயைப் போட்டாள். ஒரு முனையில் அப்பா, இன்னொரு முனையில் சித்தப்பா. இரண்டு பேரும் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சித்தப்பா கேட்டார். "அது எப்பிடிம்மா அந்தக் கழுத்த கழட்டினே?"

சொன்னேன். விடுவேனா? முதலில் எந்த ஸ்க்ரூ, எந்தப் பக்கம் திருகினேன், தீக்குச்சியை எப்படிச் சீவினேன், எல்லாம் சொன்னேன். "அப்பிடியா?" என்றார் அப்பா. "அப்பாலிக்கா?" என்றார் சித்தப்பா. அடுத்த வாரமும் வந்தார், அதே கேள்வி. அதற்கடுத்த வாரம் அப்பாவே, "தீக்குச்சி வச்சத சொல்லு பாப்பா, அவன் சரியா கேக்கல" என்று எடுத்துக் கொடுத்தார். இவ்வளவு சின்ன விஷயம் இந்தப் பெரியவர்களின் மண்டையில் ஏறவில்லையே என்று எனக்கு ஒரே பரிதாபம். பொறுமையாக, கை காட்டிக் காட்டி, வகுப்பெடுக்கிற டீச்சர் மாதிரி திரும்பத் திரும்ப விளக்கினேன். இரண்டு டம்ளர் காப்பி ஆறிப் போகும் வரைக்கும் இரண்டு பேரும் அசையாமல் கேட்பார்கள்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், ஒரு கையெழுத்துக்காக முதல் முறையாக அப்பாவின் கம்பெனிக்குப் போனேன். பெரிய கொட்டகை, ஒரே இரைச்சல். அப்பா ஒரு மோட்டாரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கையைப் பார்க்காமலே, ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். பேசி முடிப்பதற்குள் அந்த மோட்டார் பத்துப் பன்னிரண்டு துண்டாகப் பிரிந்து கிடந்தது. வந்ததிலிருந்து இதே வேலைதான் என்றார் பக்கத்தில் நின்றவர். உன் சித்தப்பாவும் வேறொரு கம்பெனியில் இதே ஃபிட்டர் வேலைதான், தெரியாதா என்று கேட்டார்.

நான் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மனிதருக்கா நாலு ஸ்க்ரூவைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகப் பாடம் எடுத்தேன்? வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஒரே பாயில் உட்கார்ந்துகொண்டு அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றி "அப்பாலிக்கா? அப்பாலிக்கா?" என்று கேட்டார்களே. நான் சொல்லி முடித்துவிட்டால் சித்தப்பா எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.