பாவம் பத்தாத பையன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒன்பது வயதில் நான் முழு மடையன். அதிலும் வாய் ஓயாத மடையன். மற்ற வகை மடையர்களால் வீட்டுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை.

அந்த வருடம் எனக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குவது. அதற்கு முன் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். செய்த பாவங்களையெல்லாம் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வரச் சொன்னார் மறைக்கல்வி சிஸ்டர். எனக்குத் தேறியது மூன்றுதான்: பொய் சொன்னது, தம்பியை அடித்தது, பூசையில் தூங்கியது. எதிர்வீட்டுப் பையன் ஏழு வைத்திருந்தான். மானமே போயிற்று.

அப்போதுதான் அத்தை ஞாபகம் வந்தது. அப்பாவின் தங்கை. பெங்களூர் அடுகோடியில் எங்களோடு இருந்துகொண்டு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்வந்தாள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் கறி கிடையாது, சினிமா கிடையாது. டிவியையே அம்மா துணி போட்டு மூடிவிடுவாள். அந்த நாற்பது நாளுக்குள் ஒரு சனிக்கிழமை, செருப்பு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அத்தை என்னைப் படத்துக்குக் கூட்டிப்போனாள். அவளோடு வேலை செய்யும் கன்னடக்கார அண்ணன் தியேட்டர் வாசலில் நின்றிருந்தார்.

"ஏன் மரி, பாப்கார்ன் பேக்கா?" என்று என்னிடம் கேட்டார். என்ன குட்டி, பாப்கார்ன் வேணுமா என்று கன்னடத்தில்.

பெரிய பொட்டலமாகவே வாங்கித் தந்தார். படம் முழுக்க அத்தையின் கை அவர் கைக்குள் இருந்தது. இருட்டென்றால் அத்தைக்குப் பயம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது பாவம் கிடைத்த பூரிப்பில் மொட்டைமாடியில் முழங்காலிட்டு, கண்ணை மூடி, உரக்கப் பயிற்சி எடுத்தேன்.

"ஃபாதர், தவக்காலத்துல அத்தைகூட படம் பார்த்தேன். அத்தை கையப் புடிச்சிட்டிருந்த அண்ணன் வாங்கிக் குடுத்த பாப்கார்ன் தின்னேன்."

தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த அப்பா பின்னால் நின்றிருந்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லு," என்றார்.

நன்றாகச் சொல்கிறேன் போலிருக்கிறது என்று, இந்தத் தடவை ராகம் போட்டுச் சொன்னேன்.

திங்கட்கிழமை அத்தை வேலைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. ஈஸ்டர் முடிந்த கையோடு கோலார் தங்கவயலில் தூரத்துச் சொந்தம் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். தவக்காலத்தில் படம் பார்த்ததற்கான தண்டனை அது என்றே நான் நம்பினேன். கல்யாணத்தன்று அவளிடம் போய், "ஈஸ்டர் வரைக்கும் பொறுத்திருக்கலாம் இல்ல அத்தை?" என்று புத்தியும் சொன்னேன். அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அழுதுகொண்டே ஏன் தடவுகிறாள் என்று புரிய, எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

போன மாதம் அத்தை பெங்களூர் வந்திருந்தாள். மல்லேஸ்வரத்தில் ஒரு படத்துக்குக் கூட்டிப்போனேன். விளம்பரங்கள் முடியும் நேரத்தில், இத்தனை வருடமாகத் தொண்டையில் நின்றதை ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"அத்தை, அன்னிக்கு நான் வாய மூடிட்டு இருந்திருக்கணும்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்பவாவது மூடு, படம் போட்டுட்டான்."