மான் வாய்க்கு எட்டிய மரம்

ஐம்பது வயதுக்கு மேல் எனக்குக் காட்டுக் கிறுக்கு பிடித்தது. பிடிக்க வைத்தவள் என் நாத்தனார். ரங்கூனின் கியாக்டடா வட்டாரத்தில் ஓர் அலுவலகத்தில் நாளெல்லாம் கணினி முன் உட்கார்ந்திருப்பவள், ஒரு சனிக்கிழமை தின்கன்ஜூனில் எங்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணி, நாளைக்கு மானுக்குச் சாப்பாடு போடப் போறோம். பழைய லுங்கி ஒண்ணு எடுத்து வச்சுக்குங்க" என்றாள். நான் இரண்டு கிலோ கேரட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ரங்கூனுக்கு வடக்கே, பஸ் மாறிப் போகவேண்டிய காடு. அங்கே வேலையைப் பார்த்துக்கொண்ட வனத்துறை அம்மாவை எல்லோரும் ஸயாமா, அதாவது டீச்சர், என்றே கூப்பிட்டார்கள். என் கேரட் பையைத் திறந்து பார்த்துவிட்டு அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கையால கொடுத்தா மனுசங்ககிட்ட வரப் பழகிடும். அப்புறம் யாராவது அதைக் குழம்பு வச்சிடுவாங்க" என்றார் பர்மிய மொழியில். "அதுக்குத் தேவையான சாப்பாட்டைக் காடே கொடுக்கணும்."

கேரட்டை நாங்களே கடித்துத் தின்றுகொண்டு வேலை பார்த்தோம். மரங்களைப் போர்த்தியிருந்த கொடிகளை அறுத்தோம். வெளிச்சம் தரையில் விழுந்தது. பிறகு ஸயாமா தொடைப் பருமனுள்ள ஒரு மரத்தைக் காட்டி, இடுப்பளவு உயரத்தில் தண்டின் பருமனில் பாதிக்கு மேல் வெட்டச் சொன்னார்.

"பாவமில்லையா?" என்றேன்.

"முழுசா வெட்டினாத்தான் சாகும். இப்படிச் சாய்ச்சா படுத்துக்கிட்டே துளிர்க்கும். மான் வாய்க்கு எட்டும்."

நானும் நாத்தனாரும் மாறி மாறி வெட்டினோம். மரம் முனகிக்கொண்டு மெல்லச் சாய்ந்தது. பட்டையும் கொஞ்சம் கட்டையும் விடாமல் பிடித்துக்கொண்டன. ஏதோ பெரிய கட்டடத்தைச் சாய்த்தவர்கள் போல இருவரும் கைகோத்துக் குதித்தோம். குதித்த இடம் சேறு. அவள் வழுக்கி, என்னையும் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழ முயன்றால் சிரிப்பு, சிரித்தால் மறுபடி வழுக்கல்.

மழைக்காலம் ஓய்ந்தபின் மறுபடி போனோம். படுத்திருந்த மரம் நெடுகப் பச்சைத் துளிர். பாதியை யாரோ கத்தரித்தது போலிருந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே புதருக்குள் "பௌ!" என்று ஒரு குரைப்பு.

"அய்யோ, நாய் அண்ணி!" நாத்தனார் என் முதுகில் ஏறாத குறை.

ஸயாமா அவள் வாயைப் பொத்தினார். "நாயில்ல. மான். இந்த மான் குரைக்கும்."

சும்மா நின்றோம். வெகுநேரம் கழித்து அது வெளியே வந்தது: செம்பழுப்பு நிறம், ஆட்டுக்குட்டியைவிடச் சற்றுப் பெரியது. எங்களைப் பொருட்படுத்தாமல் துளிரை ஒவ்வொன்றாகப் பறித்து மென்றது. வீட்டில் விருந்தாளி இன்னொரு கரண்டி கேட்டால் வருமே, அந்தப் பூரிப்பு எனக்கு. நாத்தனார் என் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அவளால் அடக்க முடியவில்லை. "பௌ!" என்றாள். முன் இருக்கைக்காரர் காலைத் தூக்கிக்கொண்டு கீழே நாயைத் தேடினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.