விரதம் காத்த துவக்குகள்

என் நண்பன் இறந்தபோது எனக்கு ஐந்து துவக்குகளை, சுடுகிற அசல் துப்பாக்கிகளை, எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தான். உயிரோடு இருந்த காலமெல்லாம் என்னோடு சேட்டை விட்டவன், போன பிறகாவது சும்மா இருப்பான் என்று நான் நம்பியிருந்தேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, மொன்றியலுக்குப் பக்கத்தில் கர்க்லாண்டில் அவன் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நான் பாயாசத்துக்குள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். அவனுடைய மனைவி பக்கத்தில் வந்து குனிந்து, "அண்ணை, கீழை கிடக்கிற துவக்கெல்லாத்தையும் உங்களுக்கெண்டுதான் எழுதியிருக்கிறார்" என்றார். மிச்ச அப்பளமும் ஒரே நொறுக்கில் தூளானது. எதிரில் இருந்த என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், அந்தத் துவக்குகளில் ஒன்று ஏற்கெனவே வெடித்துவிட்டது என்று விளங்கிக்கொண்டேன்.

நான் எப்படிப்பட்ட வீரன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரஷர் குக்கர் கூவினால் ஓரடி தள்ளி நிற்பவன். கனடா தினத்தன்று வாணவேடிக்கை தொடங்கினால் கதவு யன்னலெல்லாம் பூட்டிவிட்டு டிவியைச் சத்தமாக வைப்பவன். துவக்குச் சத்தம் கேட்காத இடம் வேண்டும் என்றுதானே இத்தனை நாடு கடந்து, கடைசியில் மொன்றியலின் குளிருக்குள் வந்து விழுந்தோம். அவனும் அப்படித்தான் வந்தான். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு நிலக்கீழ் அறையில் ஒரே மெத்தையை முறை வைத்துப் படுத்து, ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். பிறகு நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனேன். அவன் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலைக்குப் போனான்.

அங்கேதான் கெட்டுப்போனான். அவனோடு வேலை செய்த, பிரெஞ்சு பேசுகிற கெபெக்காரர்கள் இலையுதிர்காலம் வந்தால் லீவு போட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவார்கள். முதலில் அவர்களுக்குச் சாமான் தூக்கப் போனான். அடுத்த வருடம் வகுப்புக்குப் போய் அனுமதிப்பத்திரம் எடுத்தான். அதற்கடுத்த வருடம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கத்தில் ஒரு வயதான விவசாயியிடம் இரட்டைக்குழல் துவக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து என்னைக் கீழே கூப்பிட்டுக் காட்டினான். ஆள் மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

"டேய், எங்களுக்கு ஏன்டா இது?" என்று கேட்டேன்.

"இவ்வளவு காலமும் குழலுக்கு முன்னாலை நிண்டுதான் பாத்தனாங்கள். பின்னாலை நிண்டால் எப்பிடியிருக்கும் எண்டு பாக்கிறன் மச்சான்" என்றான்.

அவன் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னபடியால் நானும் சிரித்துவிட்டு விட்டேன்.

இரட்டைக்குழலோடு நின்றானா என்றால் இல்லை. முயலுக்கென்று ஒரு சின்ன ரைபிள், மூஸ் என்கிற ராட்சத மானுக்கென்று தொலைநோக்கி பூட்டிய பெரியது, யாரோ பட்டாளத்துக்காரன் வைத்திருந்த பழையது, வான்கோழிக்கென்று ஒற்றைக்குழல் என்று வரிசையாக வந்து சேர்ந்தன. இவ்வளவும் வைத்திருந்தும் அவன் ஒரு காக்காயைக் கூடச் சுட்டதில்லை. காரணம் இந்த மாகாணத்தின் வேட்டைக்காலமும் எங்கள் பஞ்சாங்கமும் சேர்ந்து செய்த சதி. மூஸ் வேட்டை தொடங்குகிற நேரம் பார்த்துப் புரட்டாசிச் சனி வரும், நவராத்திரி வரும். நவம்பரில் மான் வேட்டை திறந்தால், அனேகமாக அதே கிழமையில் கந்தசஷ்டி வந்து நிற்கும். வசந்தத்தில் வான்கோழி இருக்கிறதே என்றால், இறந்துபோன தாய்க்காக விரதம் பிடிக்கிற சித்திரா பௌர்ணமி. மிச்ச நாளில் வெள்ளிக்கிழமை இருக்கவே இருக்கிறது. விரதத்தை விடவும் மாட்டான், வேட்டையை விடவும் மாட்டான்.

ஆகவே இரண்டையும் ஒன்றாகச் செய்தான். விடிய எழும்பி முழுகி, சாமிப்படத்துக்குச் சாம்பிராணி போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, அதற்கு மேல் செம்மஞ்சள் நிறத் தொப்பியும் மேலங்கியும் போட்டுக்கொண்டு புறப்படுவான். துணைக்கு நான். மற்ற வேட்டைக்காரர்கள் உடம்பு மணம் மிருகத்துக்குத் தெரியக்கூடாது என்று மணமில்லாத சவுக்காரத்தில் குளித்துவிட்டு வருவார்கள். நாங்கள் ஒரு கோயிலையே காருக்குள் ஏற்றிக்கொண்டு வந்து இறங்குவோம். அவன் பாலும் பழமும்தான். என் கையில் மனைவி கட்டித்தந்த தோசையும் பச்சைமிளகாய்ச் சம்பலும் இருக்கும். அந்தக் காட்டில் மூக்குள்ள எந்த மிருகமும் எங்களைத் தேடி வந்ததில்லை.

ஒரேயொரு மானுக்கு மட்டும் மூக்கடைத்த தடிமன் போலிருக்கிறது. ஒரு கந்தசஷ்டிக் காலையில் நேரே முன்னால் வந்து நின்றது. அவன் துவக்கை உயர்த்தினான். நான் காதைப் பொத்திக்கொண்டேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் துவக்கு அவன் மடியில் கிடந்தது. மானைப் பார்த்து, "போ, போ, இண்டைக்கு ஐஞ்சாம் நாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். திரும்பி வரும் வழி முழுவதும் அந்த மானுக்கு விரதம் முடிந்த பிறகு அழைப்பிதழ் அனுப்பச் சொல்லி அவனைப் பகிடி பண்ணினேன். இப்படித்தான் இருபது வருடத்துக்கு மேல் போனது. சனிக்கிழமைகளில் அவன் கீழே இருந்து துவக்குகளைத் துடைப்பான். நான் எதிரில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி அவனை நக்கலடிப்பேன். லவாலுக்கு வடக்கே இருக்கிற சூட்டுக் கழகத்துக்கு அவன் இலக்குக் கடதாசி சுடப் போனால், பின்னால் நின்று அதற்கும் நக்கலடிப்பேன்.

சரி, இப்போது அந்த ஐந்தையும் என்ன செய்வது? அவன் மனைவி போலீஸில் கேட்டிருக்கிறார். அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர் பொறுப்பெடுக்கலாம், ஒருவரும் இல்லையென்றால் தாங்கள் எடுத்துக்கொண்டுபோய் அழித்துவிடுவோம் என்றார்களாம். அவருக்கு அவற்றை வீட்டில் வைத்திருக்க விருப்பமில்லை. கோடை முடிகிறவரை பொறுக்கிறேன், அதற்குள் ஒரு முடிவு சொல்லுங்கோ என்றார். அவை உருகி ஏதோ ஒரு பாலத்துக்குக் கம்பியாகப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்குத் துவக்கில் ஒரு ஆசையும் இல்லை. ஆனால் அவனுடைய கை இத்தனை வருடம் துடைத்த சாமான் வேறொன்றும் இந்த உலகத்தில் மிச்சமில்லை. எனக்கு அவை வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னேன். இந்த நாட்டில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. துவக்குக்கு அனுமதி கேட்கிற விண்ணப்பத்தில் கட்டின பெண்சாதியிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள். அவள் போடாவிட்டால் என்ன ஏது என்று விசாரிப்பார்கள். அதை என் மனைவிக்கு யாரோ முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள்.

"முந்தித் துவக்கைக் கண்டால் ஓடுங்கோ எண்டு சொன்னதும் நான். இப்ப வீட்டுக்குக் கொண்டாங்கோ எண்டு கையெழுத்து வைக்கிறதும் நானோ?" என்று கேட்டாள்.

கையெழுத்து கிடக்கட்டும், வகுப்பையாவது முடிப்போம் என்று போனேன்.

வகுப்பு மேற்குப் பக்கத்தில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. படிப்பித்தவர் வெள்ளைத்தாடி வைத்த, நல்ல பொறுமையான கெபெக்காரர். சுற்றியிருந்ததெல்லாம் தாடி முளைக்காத பெடியளும், ஆமிக்காரர் மாதிரி உடுத்த இரண்டு பெண்பிள்ளைகளும். காலையில் புத்தகப் பாடம். அதில் நான் கெட்டிக்காரன். மத்தியானத்துக்குப் பிறகு அவர் ஒரு ரைபிளை மேசையிலிருந்து எடுத்து, எப்படிப் பிடிப்பது என்று காட்டுவதற்காக என் பக்கம் திரும்பினார். குழல் நிலத்தைத்தான் பார்த்தது. அவர் மிகவும் கவனமான மனிதர். ஆனால் நான் எழும்பி நின்றுவிட்டேன். என் கை நான் சொல்லாமலே சேர்ட் பைக்குள் போய், கிடைத்த அட்டையை எடுத்து அவருக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். அது என் மருத்துவ அட்டை. சுகமில்லையா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

பெடியள் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. யாழ்ப்பாணத்தில் துவக்கோடு ஒருவன் திரும்பினால் அடையாள அட்டையை நீட்ட வேண்டும். ஒரு கணம் பிந்தினாலும் கதை வேறு. நாற்பது வருடம் இங்கே வரி கட்டி, பனி தள்ளி, பிள்ளைகளைப் பிரெஞ்சு படிக்க வைத்த கை அதை இன்னும் மறக்கவில்லை.

இடைவேளையில் அவர் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, வெகுகாலத்துக்கு முன்பு இன்னொருவரும் உங்களைப் போலவே செய்தார், அவரும் அந்தத் தீவுதான் என்றார். அந்த ஆள் தன் வேலைத்தல அட்டையை நீட்டினாராம். பிறகு தானே முதலில் சிரித்து, வகுப்பையும் சிரிக்க வைத்துவிட்டு, வெளியே போய்க் காருக்குள் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தாராம். விமானத் தொழிற்சாலை அட்டை என்பதால் நினைவிருக்கிறது, ஆள் மூஸ் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார் என்றார்.

அது யார் என்று நான் கேட்கத் தேவையில்லை. அந்த வகுப்பில் தான்தான் முதலாம் ஆள் என்றும், வாத்தியார் தன் கை நடுங்காததைப் பார்த்து வியந்தார் என்றும் என்னிடம் எத்தனை தரம் அளந்திருக்கிறான். ஐந்து துவக்கு வாங்கித் துடைத்துத் துடைத்து வைத்தானே, அது எதற்கென்று அந்த வாசலில் நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பயத்தோடு அவன் கிழமைக்கொரு நாள் உட்கார்ந்து பழகியிருக்கிறான். கள்ளன், என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அவன் கதையை மனைவியிடம் சொன்னேன், என் மருத்துவ அட்டைக் கூத்தையும் சேர்த்து. அவள் சிரிக்கவில்லை.

"அப்ப அண்ணைக்கும் பயமோ?"

"ஓம்."

அடுப்பைக் குறைத்துக் கறியை மூடி வைத்தாள். பிறகு கையைத் துடைத்துவிட்டு வந்து, சாமி அறைப் பக்கம் மட்டும் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

துவக்குகளை எடுக்கப் போன அன்று அவன் மனைவி ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றித் தந்தார். பூட்டெல்லாம் போட்டிருந்தது. இரட்டைக்குழலின் மேல் மஞ்சளாக ஒரு கறை. சரஸ்வதி பூசைக்குக் கொலுப்படிக்குக் கீழே வைத்து இவர் வருடா வருடம் சந்தனம் அப்பியதில் இரும்பின் கருமையே போய்விட்டதாம். அந்தக் கறையைப் போக்க அவன் எண்ணெயோடு மல்லாடாத சனிக்கிழமை இல்லை, ஆனால் இவரிடம் ஒருநாளும் குறை சொன்னதில்லை. வழக்கமாக நான் இருக்கிற கதிரையை அவர் இன்னும் மடித்து வைக்கவில்லை. எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, மேலே போய்விட்டார்.

இலை பழுக்கத் தொடங்கியபோது மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்தச் சூட்டுக் கழகத்துக்குப் போனேன். சுட வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. ஆனால் அவன் செய்ததை ஒரு தரமாவது நானும் செய்யாமல் அவற்றை அலுமாரியில் பூட்டி வைப்பது சரியாகப் படவில்லை. இருக்கிறதில் சின்னதான முயல் ரைபிளை எடுத்தேன். மனைவி காதுக்கவசம் போட்டு, அதற்கு மேல் கையாலும் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்றாள். கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு விசையை இழுத்தேன்.

என் கடதாசி புதுக்கடதாசியாக அப்படியே நின்றது. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த கிழவர் தன்னுடைய கடதாசியை உற்றுப் பார்த்தார். அதன் மூலையில் அவருக்குச் சொந்தமில்லாத ஓட்டை ஒன்று இருந்தது.

நான் சட்டென்று பின்னால் திரும்பினேன். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று தெரியும். அதற்கு மறுமொழி கூட நாக்கில் வந்துவிட்டது. பின்னால் புல்லும், ஆள் உட்காராத ஒரு மரவாங்கும், அதற்கப்பால் காதைப் பொத்தியபடி என் மனைவியும்தான். செத்தவீட்டில் பெட்டியைத் தூக்கியவன் நான். முப்பத்தொன்றில் பந்தி பரிமாறியவன் நான். அவன் இல்லை என்பது எனக்கு அந்த வாங்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த இடத்திலேயே நின்று அழுதேன்.

கிழவர் ஓடி வந்தார். தன் கடதாசியைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார் பாவம். "செ பா கிராவ், மிஸ்யூ, செ பா கிராவ்" என்று, பரவாயில்லை பரவாயில்லை என்று முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தன்னிடமிருந்து ஒரு புதுக்கடதாசியை எடுத்து, என் பக்கத்தில் இன்னும் கிட்டவாகக் கொண்டுபோய்க் குத்திவிட்டு வந்து, திரும்பச் சுடச் சொன்னார்.