யாரிடம் சொல்கிறார் மருத்துவர்?

பிறவியிலேயே இதயக் குறை உள்ள என்னைப் போன்ற பெரியவர்களுக்குத் தனிப் பிரிவு தொடங்கியுள்ளார்களாம். மட்டாஞ்சேரியிலிருந்து கணவருடன் இன்று எர்ணாகுளத்தில் உள்ள அந்த மருத்துவமனைக்குச் சென்றேன்.

சுவரெங்கும் யானைக்குட்டி ஓவியங்கள். இது குழந்தைகள் பிரிவோ என்று அப்போதே ஐயம் எழுந்தது.

குழந்தை எங்கே என்று செவிலியர் மலையாளத்தில் கேட்டார்: “குட்டி எவிடே சேச்சி?”

“அந்தக் குட்டியே நான்தான். வயசு முப்பத்து நாலு.”

மருத்துவரிடம், “நான் கருத்தரித்தால் என் இதயம் தாங்குமா?” என்று வினவினேன்.

அவர் என் கணவரை நோக்கி, “பேடிக்கண்டா, நோக்காம்,” என்றார். பயப்பட வேண்டாம், பார்க்கலாம் என்று அவருக்கு ஆறுதல்.

“டாக்டர், இதயம் என்னோடது. என்கிட்ட சொல்லுங்க.”

“சரி, ஸ்கேன் பார்த்துட்டு சொல்றேன்,” என்றார். அதையும் கணவரிடமே.

அடுத்த முறை கணவர் வெளியே, யானைக்குட்டிகளுக்குத் துணையாக அமர்வார். உள்ளே நான் மட்டுமே இருப்பேன். அப்போது மருத்துவர் எவரை நோக்கிப் பேசுவார் என்று நினைக்கிறீர்கள்? எனக்கென்னவோ மேசை மீதுதான் சந்தேகம்.