மன்னிக்கணும் சாரின் அறுந்துபோகும் இணைப்பு

அந்தத் தெருவில் அவருடைய இயற்பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. "மன்னிக்கணும் சார் வீடு எது?" என்று கேட்டால்தான் கை நீளும். மாடியைக் காட்டுவார்கள். கீழ்த்தளத்தில் இருப்பது அவருடைய தம்பி. அதைப் பற்றிப் பிறகு.

இந்தப் பட்டம் சும்மா வந்ததல்ல. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் சர்வீஸ் சென்டரில், புகார் வாங்கும் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவர் அவர். மெஷினைச் சரிசெய்வது அவர் வேலையல்ல. மெஷின் கெட்டுப்போனதற்கு வருந்துவதுதான் வேலை. கிழிந்த சட்டையோடும் நனைந்த காலோடும் சண்டைக்கு வருகிறவர்கள், "பரவாயில்ல சார், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்புவார்கள். வாசல் தாண்டிய பிறகுதான் மெஷின் இன்னும் ஓடவில்லை என்பது அவர்கள் நினைவுக்கு வரும். அப்படியொரு கைராசி.

அந்த சர்வீஸ் சென்டரை மூடிவிட்டார்கள். அந்த வயதில் அவரை வேலைக்கு எடுக்க முன்வந்தது ஒரே ஒரு மெத்தைக் கம்பெனி. வீட்டிலிருந்தே லேப்டாப்பில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, முதுகு வலிக்கிறவர்களிடம் வருந்த வேண்டும். இப்போதைக்குச் சோதனைக்காலம், தேறினால் நிரந்தரம். வருத்தத்தில் ஒரு குறையும் இல்லை. வைஃபையில்தான் குறை. வாடிக்கையாளர் வாயைத் திறந்து மூச்சு விடுவதற்குள் இணைப்பு அறுந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் வந்து நிற்கும். கம்பெனியின் மென்பொருளுக்கோ இரக்கம் கிடையாது. லைன் அறுந்தால் 'இருக்கையை விட்டு எழுந்து போனார்' என்று பதிந்துகொள்ளும். மனிதர் சிலைபோல் உட்கார்ந்திருக்க, ஆவணப்படி அவர் வாரம் முழுக்க உலாவிக்கொண்டிருந்தார்.

அன்று காலை கண்காணிப்பாளர் அம்மா அழைத்தார்.

"சார், இன்னிக்குப் பதினொரு மணிக்கு நானே கஸ்டமரா லைன்ல வருவேன். நடுவுல ஒரு தடவ அறுந்தாலும் வேற ஆளப் பாத்துக்குவோம். தப்பா எடுத்துக்காதீங்க."

"மன்னிக்கணும் மேடம், இனிமே—"

அந்தச் சொல் போய்ச் சேர்வதற்குள் இணைப்பு அறுந்தது.

பத்து மணிக்கு மேல் ஆகியிருந்தது. அவர் செய்யாத வைத்தியம் இல்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டாகிவிட்டது. லேப்டாப்பை அணைத்துப் போட்டாகிவிட்டது. ஸ்டூல்மேல் ஏற்றி, பீரோமேல் ஏற்றி, ரவுட்டருக்கு அந்த வீட்டில் யாருக்கும் கிடைக்காத உயர்வு கிடைத்திருந்தது. அதன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தும் பார்த்தார், அங்கும் அறுந்தது. கம்பி சொருகலாமென்றால் லேப்டாப்பில் அதற்கான ஓட்டை இல்லை. போன் நெட்டைக் கம்பெனி ஏற்காது.

"அந்த மிக்சியப் போடாதேன்னு எத்தன தடவ சொல்றது!"

"மிக்சி போட்டு ரெண்டு நாளாச்சு," என்றார் மனைவி. "உங்க வைஃபைக்குப் பயந்து பல்லால அரைச்சுக்கிட்டிருக்கேன். பேசாம நெட் கம்பெனிக்குப் போனப் போடுங்க."

போட்டார். மறுமுனையில் ஓர் இளைஞன்.

"ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கணும் சார்."

நம்மவர் முகம் சுளித்தார். குரல் சரியான இடத்தில் தாழவில்லை. 'சிரமத்துக்கு' என்பதில் சிரமமே இல்லை. ஆனால் தொழில் விமர்சனத்துக்கு நேரமில்லை.

"தம்பி, அதெல்லாம் எனக்கே தெரியும். கோடு முழுசா காட்டுது, நெட்டு மட்டும் அறுந்து அறுந்து வருது. ஏன்?"

"பாக்கறேன் சார்… சார், உங்க லேப்டாப் எங்க இணைப்புலயே இல்லையே."

"எப்படி இல்லாம இருக்கும்? திரையில 'பெரிய வீடு'ன்னு எங்க வைஃபை பேரு தெரியுதே!"

"இப்ப வந்துடுச்சு சார்… திரும்பப் போயிடுச்சு. அதே பேர்ல, அதே பாஸ்வேர்டோட பக்கத்துல வேற ரவுட்டர் ஏதாவது இருக்கா சார்? இருந்தா லேப்டாப்புக்கு எது உங்களுதுன்னு தெரியாது. இங்கயும் அங்கயுமா தாவும். தாவறப்ப எல்லாம் லைன் கட்டாகும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள்.

தரைக்குக் கீழே தம்பி.

அண்ணனும் தம்பியும் ஒரு காலத்தில் ஒரே இணைப்பில் இருந்தார்கள். 'பெரிய வீடு' என்று பெயர் வைத்தவர் தம்பி. கேமரா மாட்டுகிற தொழில் என்பதால் ரவுட்டர் விஷயமெல்லாம் அவர் பொறுப்பு. பிறகு மனஸ்தாபம். படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடித் துணிக்கொடி என்று சகலமும் பிரிக்கப்பட்டது. தம்பி தனி இணைப்பு வாங்கினார். ஆனால் அந்தப் பெயரை மட்டும் பிரிக்க முடியவில்லை. வைத்தவன் நான் என்றார் தம்பி. மூத்தவன் நான் என்றார் அண்ணன். இரண்டு பேரும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு. மானம் காக்கப்பட்டது. லேப்டாப் மட்டும் இரண்டு வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

"போன வாரம் கீழ டிரில்லிங் சத்தம் கேட்டுதே," என்றார் மனைவி. "புதுசா ரவுட்டர மேல ஏத்தி மாட்டியிருப்பாரு. சரியா நம்ம காலடியில. நம்ம பேரையாவது மாத்திடுங்களேன்."

"மாத்தறதுக்கு ரவுட்டருக்குள்ள போகணும். அதுக்குத் தனி பாஸ்வேர்டு. அவன்தான் போட்டான்."

மனைவி ஓரகத்தியைப் பார்க்கக் கீழே ஓடினார். பெண்கள் இருவருக்கும் ஒருநாளும் சண்டை இருந்ததில்லை. ஆண்களின் மனம் புண்படுமே என்று வெளியில் சொல்லாமல் இருந்தார்கள். ஓடிய வேகத்தில் திரும்பி வந்தார்.

"உங்களையே வரச் சொல்றாரு."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமாம்."

தெரியும். ஏணிக்கு. தொட்டி கழுவுவதற்காகத் தம்பியின் தொழில் ஏணியைச் சொல்லாமல் எடுத்து, அதை உடைத்துவிட்டு, "ஏணியே மட்டம்டா" என்று தீர்ப்பும் சொல்லியிருந்தார் அண்ணன். ஊர்பேர் தெரியாத ஆயிரம் பேரிடம் மன்னிப்புக் கேட்ட வாய், கூடப்பிறந்தவனிடம் மட்டும் லீவு எடுத்துக்கொண்டது.

கடிகாரம் பத்தே முக்காலைத் தாண்டியது. "போறீங்களா, இல்ல வேற வேலை தேடறீங்களா?" என்றார் மனைவி. குரலில் கேலி இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

தம்பி கதவைப் பாதிதான் திறந்தார். அண்ணன் தொண்டையைச் செருமினார். பழக்கதோஷம் முந்திக்கொண்டது.

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கணும்…"

"நான் என்ன உங்ககிட்ட வாஷிங் மெஷினா வாங்கினேன்?"

உள்ளே தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்துவது தெரிந்தது.

"தங்கள் பொறுமைக்கு…"

"அண்ணே, கதவ மூடப்போறேன்."

கதவு நகர்ந்தது. அண்ணன் அதைக் கையால் பிடித்தார். இத்தனை வருஷச் சேமிப்பிலிருந்து ஒரு வாக்கியமும் உதவிக்கு வரவில்லை.

"ஏணி நல்ல ஏணிதான்டா. நான்தான் ஒடச்சேன். ரெண்டு வாளித் தண்ணியோட ஏறினேன்."

கதவு நின்றது. "ரெண்டு வாளியா?"

"ஒரு கைக்கு ஒண்ணு."

"ரெண்டு கையிலயும் வாளின்னா, எதப் புடிச்சுக்கிட்டு ஏறினே?"

"அதத்தான்டா அப்ப யோசிக்கல."

தம்பியின் மூக்கு விரிந்தது. சிரிப்புக்கும் கோபத்துக்கும் அவருக்கு ஒரே மூக்கு. எதுவென்று அண்ணனுக்கே பிடிபடவில்லை. "செருப்பப் போட்டுக்கிட்டு வர்றேன், நட," என்றார் தம்பி.

மனஸ்தாபத்துக்குப் பிறகு முதல்முறையாக மாடிக்கு வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்க நேரமில்லை. போனை எடுத்தார், பீரோமேல் அமர்ந்திருந்த ரவுட்டரை முறைத்தார், தட்டினார்.

"பேரு என்ன வைக்கட்டும்?"

"எதையாவது வைடா, மணியாகுது!"

எதையோ தட்டினார். லேப்டாப்பை இழுத்து, அதிலும் எதையோ தட்டிவிட்டு நகர்ந்தார். அண்ணன் காதுக்கருவியை மாட்டவும் பதினொரு மணி அழைப்பு வரவும் சரியாக இருந்தது.

"உங்க மெத்தையில படுத்து என் முதுகே போச்சு!" என்று கத்தினார் கண்காணிப்பாளர் அம்மா, வாடிக்கையாளர் வேடத்தில். நம்மவர் பதமாகத் தாழ்ந்து, சரியான இடத்தில் மூச்சு விட்டு, வருந்தத் தொடங்கினார். தம்பி ரவுட்டர் பக்கத்தில் காவலுக்கு நின்றார். மனைவி நகரவே இல்லை, எங்கே காற்று அசைந்து லைன் அறுந்துவிடுமோ என்று. முதுகுவலி தீர்ந்து, மெத்தையின் உத்தரவாதப் பேச்சு தொடங்கி, அதுவும் முடிந்தது. மறுமுனையில் சத்தமே இல்லை.

"மேடம்?"

ஒன்றுமில்லை. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். எழுதிக்கிட்டிருந்தேன். முதுகு வலியே இல்லாத என்னையே பரவாயில்லன்னு சொல்ல வச்சிட்டீங்க. நாளைலேர்ந்து நிரந்தரம்."

அவர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, வேலை கிடைத்த சந்தோஷத்தில் திரையை முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். மூலையில் கோடுகள் முழுசாக நின்றன. பக்கத்தில் இணைப்பின் புதுப்பெயர்: 'ஒடஞ்ச ஏணி'.

"டேய்! என்னடா இது?"

தம்பி அதற்குள் படியிறங்கிக்கொண்டிருந்தார். "எதையாவது வைன்னு நீதானே சொன்னே!"

அந்தத் தெருவில் இன்றைக்கும் யார் போனைத் திறந்தாலும் இரண்டு பெயர்கள் தெரியும். கீழே 'பெரிய வீடு', மேலே 'ஒடஞ்ச ஏணி'. மாற்றிவிடலாம்தான். அதற்கு அந்தத் தனி பாஸ்வேர்டு வேண்டும். அதைக் கேட்பதற்காகவே நம்மவர் தினமும் சாயங்காலம் கீழே இறங்குகிறார். தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு, "சொல்றேன், மொதல்ல உக்காரு," என்கிறார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மனைவி கூப்பிடும்வரை இரண்டு பேரும் வேறெதையெதையோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.