அண்ணன் வீட்டுக் கணினியின் முதற்பக்கம்

ஒரு கணினியைத் திருத்தத் தெரியாததால் பெயர் கெட்டுப்போனவன் நான். இப்போது சிரித்துக்கொண்டு சொல்லலாம். அப்போது சிரிப்பு வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வந்து குடியேறியிருந்த மில்லிக்கன் என்ற வெளிநாட்டுப் புறநகரில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன். வயது முப்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. தூரத்து நகரமான பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி ஏற்றி இறக்கும் காலை வேலை. படுக்கை வீட்டுக்கு அடியில் பேஸ்மென்றில், சாப்பாடு மேலே எல்லோருடனும். அண்ணனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், பத்து வயதும் ஏழு வயதும். நான் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் இரண்டும் தோளில் தொங்கும். நாட்டை விட்டு வந்த பிறகு எனக்கு வீடு என்று இருந்தது அது ஒன்றுதான். அந்த வீட்டில் எனக்கிருந்த நல்ல பெயரைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. போகும் வரைக்கும் யார் அதையெல்லாம் யோசிக்கிறார்கள்?

கணினியை வாங்கியது நான். வரவேற்பறையில் எல்லோர் கண்ணிலும் படும்படிதான் வைத்தோம். காலையில் எல்லோரும் போன பிறகு அண்ணி ஊர்ச் செய்தி படிப்பார். அவருக்காகவே ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தை முதற்பக்கமாக வைத்துக்கொடுத்தேன். இன்ரநெற்றைத் திறந்தால் அதுதான் முதலில் வரும்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்துக்கும் ஒவ்வோர் எழுத்துரு. அந்த எழுத்துருவைக் கணினியில் இறக்கிவைக்காவிட்டால் திரை முழுவதும் கேள்விக்குறியும் கோடுமாகக் கிடக்கும். இறக்கவா என்று ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்கும். அதனால் நான் அண்ணிக்குப் படிப்பித்த முதல் பாடம் இதுதான்: என்ன பெட்டி வந்தாலும் யோசிக்காமல் ‘யெஸ்’ஸை அமத்த வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் வராது. இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். நல்ல வாத்தியார் என்று எனக்கு என்மேலேயே ஒரு மதிப்பு வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் வேலையால் வந்தபோது பிள்ளைகள் ஓடிவரவில்லை. வரவேற்பறையில் அண்ணன் மட்டும் நின்றார். கணினித் திரையில் ஒரு துவாய் போர்த்திக் கிடந்தது. பெரியவள் பள்ளிக்கூட வேலைக்காக இன்ரநெற்றைத் திறந்திருக்கிறாள். அண்ணன் அவளுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். செய்திப் பக்கம் வரவேண்டிய இடத்தில் உடுப்பில்லாத பெண்கள் வந்திருக்கிறார்கள்.

“நீ உதிலை என்ன பாக்கிறாய் எண்டு நான் கேக்கேல்லை,” என்றார் அண்ணன். “பொம்பிளைப் பிள்ளையள் வளருற வீடு. அதை மட்டும் யோசி.”

நான் இல்லை என்றேன். எனக்கே நம்பும்படியாக இருக்கவில்லை. கணினி என்னுடையது. வீட்டில் கல்யாணம் ஆகாத ஆம்பிளை நான் ஒருவன்தான். வேறு யாரை அவர் நினைப்பார்? அண்ணி குசினியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் வெட்டினார்.

அன்றைக்கே முதற்பக்கத்தை மாற்றினேன். செய்திப் பக்கம் வந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்று கணினியை ஒருமுறை நிறுத்தி மறுபடி போட்டேன். திரும்பவும் அதே பெண்கள். நல்ல காலம், கூப்பிட முதல் பார்த்தேன். புதனும் வியாழனும் இதே கூத்து. பிளாசாவில் கணினிக் கடை வைத்திருந்த ஒருவரைப் போனில் பிடித்தேன். ஏதோ ஒரு புரோகிராம் உள்ளே வந்து இருந்துகொண்டு, ஒவ்வொரு முறையும் கணினி தொடங்கும்போது தன்னுடைய பக்கத்தை எழுதிவைக்கிறது என்றார். அவர் சொன்ன பெயரைத் தேடி அழித்தேன். வேறு பெயரில் வந்து நின்றது. வெயர்ஹவுசில் நூறு கிலோப் பெட்டி என்றாலும் ஏதாவது செய்து அசைத்துவிடுவேன். இதை எங்கே பிடித்து அசைப்பது? முழுவதையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள், ஒன்றும் மிஞ்சாது, ஆனால் சுத்தமாகும் என்றார் கடைக்காரர்.

அந்தக் கிழமை முழுவதும் என் சாப்பாடு மேசையில் மூடி வைத்திருந்தது. பிள்ளைகள் பேஸ்மென்றுக்கு இறங்கவில்லை. சின்னவள் ஒருநாள் பாதிப் படி வந்து, மேலேயிருந்து கூப்பிட்ட சத்தத்துக்குத் திரும்பி ஓடினாள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். என்னை வரச்சொல்லிக் கேட்கவில்லை. துடைப்பதற்கு முதல் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போனபோது, எந்த நாள் எந்தப் பக்கம் திறந்தது என்று கணினி தானாகவே எழுதி வைத்திருந்த பட்டியல் கண்ணில் பட்டது. திங்கள்வரை அந்தப் பக்கம் இல்லை. செவ்வாயில் இருந்தது, காலை பத்து நாற்பதுக்கு. அந்த நேரம் நான் பிறம்ரனில், அண்ணனும் வேலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில்.

அண்ணி ஒரு பெட்டியைக் கண்டிருக்கிறார். நான் படிப்பித்தபடி யெஸ்ஸை அமத்தியிருக்கிறார். வந்ததைப் பார்த்துப் பயந்து கணினியை நிற்பாட்டியிருக்கிறார்.

பட்டியலைக் காட்டினால் என் பெயர் சரியாகிவிடும். ஆனால் அடுத்த நிமிசம் அண்ணன் அண்ணியைத் திரும்பிப் பார்ப்பார். பெட்டி, எழுத்துரு, புரோகிராம் என்று நான் சொல்லும் கதை என்னைக் காப்பாற்றவில்லையே, அவரை எப்படிக் காப்பாற்றும்? தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாயைத் திறந்து எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். துடைத்துவிட்டேன்.

அவர்கள் வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டு, இரண்டு முறை நிறுத்திப் போட்டுக் காட்டினேன். பக்கம் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

“பழசு ஒண்டும் இல்லையோ?”

“எல்லாம் துடைச்சாச்சு அண்ணை.”

“மடியிலை கனமில்லாட்டி ஏன் துடைக்கோணும்?”

கையிலிருந்த ஒரே சாட்சியையும் நானே அழித்திருந்தேன். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதை. அண்ணி அர்ச்சனைத் தட்டோடு வாசலிலேயே நின்றார்.

இரண்டு மாதத்தில் ஒரு கூட்டாளியின் அப்பார்ட்மென்றில் அறை எடுத்தேன். போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. சாமான்களைக் காரில் ஏற்றும்போது அண்ணி ஒரு போத்தல் வறுத்த மிளகாய்த்தூளோடு வெளியே வந்தார்.

“தம்பி, அண்டைக்குக் காலமை நான்தான் அமத்தினனான். அவரிட்டைச் சொல்லப் பயமாக் கிடந்தது.”

“தெரியும் அண்ணி.”

ஆறுதலுக்குத்தான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

“தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் என்ரை கையாலை சாப்பிட்டனீங்கள்?”

அதன் பிறகு அண்ணி என் கண்ணைப் பார்த்துக் கதைத்ததில்லை. நான் போனால் மூன்று கறி வைக்கிற இடத்தில் ஆறு கறி வைப்பார், பரிமாறுவதற்கு மட்டும் பிள்ளைகளை அனுப்புவார். அண்ணன் அப்படியில்லை. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒருநாள் தோளில் கைபோட்டு, “வயசுக் கோளாறு, நான் அதை அப்பவே மறந்திட்டன்,” என்றார். அண்ணி எழுந்து குசினிக்குப் போனார். அண்ணன் என்னை மனதார மன்னித்துவிட்டார். அந்த மன்னிப்பை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க எனக்கு இன்றைக்கும் ஒரு வழி தெரியவில்லை.