முகத்துவாரத்தை வெட்டச் சொல்லும் குரல்கள்

போன வாரம் ஒரு காலையில் மகள் சுகந்தி பெரியகல்லாற்றிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா, மரியன் டொக்டர் காலமாயிட்டாவாம்" என்றாள். அவள் பக்கத்தில் பேத்தி கரண்டியால் தட்டில் அடிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் உலகத்துக்கு வந்ததில் டொக்டருக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நகரத்தில், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் குடும்பத்தில் பிறந்து, வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் ஒவ்வாமையை ஆராய்ந்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். அவரிடம் வைத்தியம் பார்த்தவர்களுக்கு அவருடைய முதல் கேள்வி மறந்திருக்காது. "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பதற்கு முன், "எங்க நிண்டீங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்வி எங்கள் சம்பந்தி வீட்டில் பிறந்தது.

சுகந்தி வாக்கப்பட்டது வாவியில் இறால் பிடிக்கும் குடும்பத்தில். கலியாணமாகிச் சில மாதங்களில், ஒருநாள் இறால் கறி சாப்பிட்டவளுக்கு முகம் வீங்கி மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் காப்பாற்றினார்கள். இறாலை வாயில் வைக்கவே கூடாது என்றார் மரியன் டொக்டர். நானோ விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற தைரியத்தில், "இது பரம்பரை. உன் அப்பம்மாவுக்கும் இருந்தது. எழுதினது எழுதினதுதான்" என்று சொல்லிவிட்டேன். அவள் அதை மனதில் வைத்துக்கொண்டாள். "எனக்கு வந்தது என்னோட போகட்டும். எங்களுக்குப் பிள்ளை வேணாம் அப்பா" என்றாள். ஒரு வாக்கியம் இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

டொக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "சேர், மாரியில வாவி நிரம்பினா தண்ணி கடலுக்குப் போக மணல்திட்ட உடைச்சு முகத்துவாரத்த வெட்டுறாங்களே, அதை ஒருக்கா யோசிங்க" என்றார். "வயல் செய்யிற வட்டைக்காரர், வயல் தாழுது, வெட்டு எண்டுவாங்க. வலைக்காரர் இறாலெல்லாம் கடலுக்குப் போயிரும், பொறு எண்டுவாங்க. தோலுக்குக் கீழயும் மூச்சுக்குழாயிலயும் இரிக்கிற மாஸ்ட் கலங்களும் அப்படித்தான். உள்ளுக்க, வீக்கத்தையும் மூச்சு முட்டலையும் கொண்டுவாற ஹிஸ்டமினைக் கட்டி வெச்சிருக்கு. திறந்து விடச் சொல்ற பரம்பரை அலகு, ஜீன் எண்டுறமே, அதுகளும் இரிக்கு, பொறு எண்டுற அலகுகளும் இரிக்கு. மகளுக்கு வெட்டச் சொல்ற கூட்டத்துக்குச் சத்தம் கூட. ஆனா எந்த அலகு எப்ப பேசும், எப்ப அடங்கும் எண்டது மாறும். பிள்ளைக்கும் அதே சத்தம் வரும் எண்டு நீங்க எப்பிடிச் சொல்லுவீங்க?"

கரும்பலகையில் நான் வரைந்த படம் எதிலும் அந்த இரண்டு கூட்டங்களும் இருந்ததில்லை.

பிறகு, இறாலைத் தொடாமலே சுகந்திக்கு இரண்டாம் முறையும் வந்தது. டொக்டர் அந்த வீட்டுக்கே போனார். நானும் கூடப் போனேன். சம்பந்தி அம்மா, "நான் சட்டியும் வேற, அகப்பையும் வேற எண்டு வெச்சிரிக்கன் டொக்டர். என்னைப் பாக்காதிங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வாவிப் பக்கத்து முற்றத்தில், காயவைப்பதற்காக இறால் அவிந்துகொண்டிருந்தது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அந்த ஆவியை நேராக வீட்டுக்குள் தள்ளியது. "அப்ப எங்க நிண்டாய் மகள்?" என்று டொக்டர் கேட்க, சுகந்தி வாசற்படியைக் காட்டினாள். "பிழை என்ட. வாயை மட்டும் யோசிச்சன், மூச்சை மறந்துட்டன்" என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அன்றே அடுப்பு கடற்பக்கம் போனது. காற்று மாறினால் அடுப்பும் மாறும் என்பது இப்போது அந்த வீட்டு வழக்கம். அவசரத்துக்கு அட்ரினலின் ஊசி ஒன்றும் வீட்டில் இருக்க வேண்டுமென்று, அதைத் தொடையில் போடுவதற்கு மருமகனைப் பப்பாளிக்காயில் பழக்கினார். "எங்கட பப்பாளிக்கு இனி ஒரு வருத்தமும் வராது" என்றார் சம்பந்தி அம்மா. எனக்கு ஊசி என்றாலே பயம். மெல்ல எழுந்து வெளியே போனேன். "சேருக்கு வேற நாள் பழக்குவம்" என்று பின்னால் டொக்டரின் குரல் வந்தது.

சுகந்தி கடைசியில் அவரிடமே கேட்டாள், "பிள்ளைக்கும் வருமா?" என்று. "வராது எண்டு சொல்ல மாட்டன் மகள். வந்தா என்ன செய்யிறது எண்டு உனக்குத் தெரியும். உன்ட அப்பம்மாவுக்கு அது தெரியாது" என்றார். அடுத்த வருடம் பேத்தி பிறந்தாள். அவளுக்குள் எந்தக் கூட்டத்தின் சத்தம் கூட என்று இன்னும் தெரியவில்லை. யாரும் அதை நினைத்து அழுவதுமில்லை.

தேவாலயத்தில் அடக்க ஆராதனை முடிந்து வரும்போது சுகந்தி என் கையைப் பிடித்தாள். "விடுமுறைக்கு உங்களோட வந்து நிக்கப்போறன். உங்கட மருமகன் தொழிலுக்குப் போயிருவார். நீங்களும் ஊசி போடப் பழகுங்க அப்பா." டொக்டர் சொன்ன 'வேற நாள்' அதுதான் என்று நினைத்தேன்.

நேற்று அவர்கள் வீட்டு முற்றத்தில் மருமகன் வெறும் ஊசியைக் கையில் தந்தான். "வாத்தியார்ட கையப் பாத்துப் பப்பாளியே நடுங்குது" என்றார் சம்பந்தி அம்மா. முதல் தடவை காயில் வழுக்கியது. "பிழை என்ட" என்று சத்தமாகச் சொன்னேன். இரண்டாம் தடவை நேராக இறங்கியது.